சுவரில் நிற்கும் வேண்டுதல்: லாங் மெல்ஃபோர்ட் ஆலயத்தின் கட்டடக் கதை

ஜான் பை என்பவரின் ஆன்மாவுக்காகவும் அவர் மனைவி ஆலிஸின் ஆன்மாவுக்காகவும் செபியுங்கள். இந்த வளைவு அவர்கள் பொருளில் கட்டப்பட்டது, இந்த இரண்டு சன்னல்களுக்கும் அவர்கள் பொருளில்தான் கண்ணாடி இடப்பட்டது. இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்தில் லாங் மெல்ஃபோர்ட் என்னும் ஊரின் தூய திரித்துவ ஆலயத்தில், கூரையை ஒட்டிய வெளிச்சுவரில் இந்தப் பொருளில் ஒரு வாசகம் ஓடுகிறது. அண்ணாந்து பார்த்து, சுவரோரமாக நடந்துகொண்டே படித்தால்தான் வாசகம் முடியும். வெளிறிய சுண்ணாம்புக்கல்லையும் கறுத்த சிக்கிமுக்கிக் கல்லையும் இழைத்துப் பொருத்தியிருக்கிறார்கள். அந்த நிற வேறுபாட்டில்தான் எழுத்து புலப்படுகிறது. கட்டி முடித்த சுவரில் பிறகு வெட்டிய எழுத்து அன்று இது. சுவர் எழும்போதே எழுத்தும் சேர்ந்து எழுந்தது.

கோதிக் கட்டடக் கலையின் வரலாறு பெரும்பாலும் பேராலயங்களின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. அரசர், ஆயர், புகழ்பெற்ற தலைமைக் கல்தச்சர் என்று அதன் நாயகர்கள் தெரிந்தவர்கள். பங்கு ஆலயத்தின் கதை வேறு. ஊரார் ஞாயிறுதோறும் கூடி, பிள்ளைகளுக்குத் திருமுழுக்குக் கொடுத்து, இறந்தவர்களைச் சுற்றிலும் புதைத்த இடம் அது. அதைக் கட்டியவர்கள் யார், பணம் எப்படித் திரண்டது என்று கேட்டால் பல ஊர்களில் உயில்களையும் கணக்கேடுகளையும் தேடிப் போக வேண்டும். லாங் மெல்ஃபோர்டில் கட்டடமே அதற்குப் பதில் சொல்கிறது. அந்தப் பதிலைக் கொஞ்சம் நிதானமாகக் கேட்டால், கோதிக் கட்டட முறைக்கும் ஊர்க்கூட்டுக் கொடைக்கும் உள்ள நெருக்கம் விளங்கும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஊரின் பெயரிலுள்ள 'லாங்' வெறும் அலங்காரம் இல்லை. ஒரே நீண்ட தெருவாக மைல் கணக்கில் நீளும் ஊர் அது. தெருவின் வடகோடியில் பெரிய புல்வெளி, புல்வெளியின் மேட்டில் ஆலயம். 1086-இல் தொகுக்கப்பட்ட டூம்ஸ்டே நிலப்பதிவேட்டிலேயே இவ்வூர் பரி செயின்ட் எட்மண்ட்ஸ் துறவு மடத்தின் உடைமையாகக் காணப்படுகிறது. மடத்துக்கு உரிய ஊர் என்றாலும் ஆலயத்தை இன்றைய உருவுக்குக் கொண்டுவந்தது மடத்தின் பணம் இல்லை. கம்பளித் துணியின் பணம். ஸ்டவர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் 15-ஆம் நூற்றாண்டில் நெசவு கொழித்தது. துணி வணிகர் கம்பளியை வாங்கி, நூற்பவர் வீட்டுக்கும் நெய்பவர் வீட்டுக்கும் சாயமிடுபவரிடமும் மாறி மாறிக் கொடுத்து, முடிந்த துணியை லண்டனுக்கும் கடல் கடந்தும் அனுப்பினார். மெல்ஃபோர்டும், சில மைல் தள்ளியிருக்கும் லேவனமும் இந்தத் தொழிலில் ஊரின் அளவுக்கு மீறிய செல்வம் சேர்த்தன. இரண்டு ஊர்களும் அந்தச் செல்வத்தை ஆலயமாக்கின.

அந்த மண்ணில் கட்டுவது எளிதாக இருக்கவில்லை. கிழக்கு இங்கிலாந்தில் செதுக்கத்தக்க நல்ல கட்டடக்கல் கிடைக்காது. கீழே கிடப்பது சீமைச் சுண்ணாம்பு. அதனுள்ளே முண்டு முண்டாகச் சிக்கிமுக்கி. மேலே வெள்ளைத் தோல் படர்ந்து உருளைக்கிழங்குபோல் இருக்கும் அந்தக் கல்லைச் சதுரமாகச் செதுக்குவது கடினம், சாந்தையும் உறிஞ்சாது. அதனால் சுண்ணாம்புச் சாந்து இறுகும்வரை காத்திருந்து காத்திருந்து மெதுவாகத்தான் சுவரை உயர்த்த முடியும். மூலைகளுக்கும் சன்னல் சட்டங்களுக்கும் தூண்களுக்கும் வேண்டிய சுண்ணாம்புக்கல்லை வெளியூரிலிருந்துதான் கொண்டுவர வேண்டும். ஆகவே ஒவ்வொரு துண்டு நல்ல கல்லையும் எங்கே வைப்பது என்று கணக்குப் பார்த்தே வைத்தார்கள்.

இந்த வறுமையிலிருந்துதான் அந்நிலப்பகுதியின் தனிச் சிறப்பான வேலைப்பாடு பிறந்தது. சிக்கிமுக்கி முண்டைச் சுத்தியலால் பதமாகத் தட்டினால் அது கண்ணாடிபோல் பிளக்கும். உள்முகம் கருமையும் சாம்பலும் நீலமும் கலந்து பளபளக்கும். மெலிதாக வெட்டிய சுண்ணாம்புக்கல் சட்டத்துக்குள் இந்தப் பிளந்த முகங்களை வெளியே காட்டிப் பதித்து, இரண்டையும் ஒரே மட்டத்தில் நிறுத்துவார்கள். புடைப்பும் இல்லை, பள்ளமும் இல்லை. நிறத்தால் மட்டும் வரைந்த கோலம். மழையில் நனைந்தால் கறுப்பு இன்னும் கறுக்கும், வெளிறிய கோடு இன்னும் துலங்கும். மெல்ஃபோர்டின் வெளிச்சுவரிலும் இந்த வேலைதான். கல் இல்லாத ஊர் கல்லால் எழுதக் கற்றுக்கொண்டது என்று இதைச் சொல்வேன். சட்டங்களிலும் பூவடிவங்களிலும் பழகிய கை எழுத்துக்குப் போவது அடுத்த படிதான்.

இப்போது உருவத்துக்கு வருவோம். இன்றைய ஆலயத்தின் பெரும்பகுதி ஏறத்தாழ 1467-க்கும் 1497-க்கும் இடையில் கட்டப்பட்டது. முந்தைய ஆலயத்தை அடியோடு இடித்துவிடவில்லை. நடுக்கூடத்தில் ஒன்பது அங்கணங்கள். ஓர் அங்கணம் என்பது அடுத்தடுத்த இரண்டு தூண்களுக்கு இடைப்பட்ட அளவு. மேற்கிலிருந்து முதல் ஐந்தின் வளைவுகள் பழைய ஆலயத்திலிருந்து வந்தவை. கிழக்கே நீட்டிக் கட்டியவர்கள் பழைய வளைவின் போக்கையே பின்பற்றினார்கள். ஆகவே நடுக்கூடத்தில் நிற்பவருக்கு ஏறத்தாழ 46 மீட்டர் நீளமும் ஒரே மூச்சில் ஓடுவதுபோல் தோன்றும். இங்கிலாந்துப் பங்கு ஆலயங்களில் இதுவே மிக நீண்ட நடுக்கூடம் என்று சொல்பவர்கள் உண்டு. நீளத்தைவிட முக்கியமானது வெளிச்சம் என்பது என் எண்ணம்.

பிந்தைய கோதிக்கின் ஆங்கில வடிவத்துக்குச் செங்குத்துப் பாணி என்று பெயர். சன்னலுக்குள் நிற்கும் கல் சட்டங்கள் வளைந்து பிரியாமல் நேராக மேலே ஏறி வளைவைத் தொடும். அப்படி நேராக ஏறினால் சன்னலை மிக அகலமாக வைக்கலாம். சுவர் இருக்க வேண்டிய இடமெல்லாம் கண்ணாடியாகும். பேராலயங்களில் கனத்த கல் விதானம் பக்கவாட்டில் தள்ளும்; அதைத் தாங்க வெளியே பறக்கும் முட்டுகள் வேண்டும். மெல்ஃபோர்டில் மேலே இருப்பது மரக்கூரை. பாரம் குறைவு. எனவே மெலிந்த தூண்களின்மேல் வளைவுகளை வைத்து, அவற்றுக்கும் மேலே ஒவ்வொரு வளைவுக்கும் இரண்டு மேல்சன்னலாக வரிசையை நீட்டிக்கொண்டே போக முடிந்தது. நடுக்கூடத்துக்கும் பீடப் பகுதிக்கும் நடுவே கூரையில் முறிவு இல்லை. வெளியே தெற்குப் புல்லில் நின்று பார்த்தால் கண்ணாடிக் கூண்டுக்குக் கல் சட்டம் போட்டதுபோல் இருக்கும்.

கவனிக்க வேண்டியது அங்கணத்தைத்தான். தடித்த சுவரால் நிற்கும் கட்டடத்தைப் பங்கு போட முடியாது. சுவரில் யாருக்கு எந்தப் பகுதி என்று சொல்வது? கோதிக் கட்டடம் எலும்புக்கூடு போன்றது. ஒரு தூண், ஒரு வளைவு, மேலே இரண்டு சன்னல். மறுபடி ஒரு தூண், ஒரு வளைவு, இரண்டு சன்னல். ஒவ்வொன்றும் தனியாக எண்ணத்தக்கது, தனியாக விலை போடத்தக்கது. பணக்காரர் ஆறு வளைவைத் தரலாம், நடுத்தரக்காரர் ஒன்றைத் தரலாம். மெல்ஃபோர்டின் மேல்சன்னல் வாசகங்கள் நடந்ததை அப்படியே சொல்கின்றன. ரோஜர் மோரியல், அவர் மனைவியர் மார்கரெட், கேத்தரின் ஆகியோர் பொருளிலிருந்து கேத்தரினும் ஜான் க்ளாப்டனும் மற்றும் இருவரும் சேர்ந்து ஆறு வளைவுகளைப் புதுப்பித்தார்கள், உயர் பீடத்தின் பின்பலகையையும் செய்து வைத்தார்கள், ஆண்டு 1481. தாமஸ் கூப்பர் இரண்டு வளைவுகளைச் செப்பனிட்டார். லாரன்ஸ் மார்ட்டின், மனைவி மேரியன் ஆகியோர் பெயரும் வருகிறது. ஜான் பை, ஆலிஸ் தம்பதியின் ஒரு வளைவும் இரண்டு சன்னலும் இந்த வரிசையில்தான்.

இந்த வாசகங்களில் இரண்டு செய்திகள் என்னை நிறுத்திவைக்கின்றன. ஒன்று, கட்டிய கொத்தனார் பெயர் எதுவும் இல்லை. கொடுத்தவர் பெயர் மட்டுமே. இரண்டாவது, மனைவியர் பெயர்கள் விடுபடாமல் வருகின்றன. மோரியலின் முதல் மனைவி, இரண்டாம் மனைவி இருவரும் இருக்கிறார்கள். எஞ்சியிருந்த மனைவி கேத்தரின் வேலையை முன்னின்று நடத்தியவர்களில் முதலாவதாகச் சொல்லப்படுகிறாள். ஊர் ஆவணங்களில் எளிதில் மறைந்துபோகும் பெண்கள் இங்கே கூரை உயரத்தில் நிற்கிறார்கள்.

எல்லார்க்கும் மேலாகத் திரும்பத் திரும்ப வரும் பெயர் ஜான் க்ளாப்டன். பக்கத்திலிருந்த கென்ட்வெல் மாளிகைக்காரர், செல்வர். இங்கிலாந்து அரியணைக்காக நடந்த ரோஜாப் போர்களில் லங்காஸ்டர் தரப்பில் நின்றவர். 1462-இல், யார்க் தரப்பின் நான்காம் எட்வர்ட் ஆட்சியில், ஆக்ஸ்ஃபோர்ட் பிரபு ஜான் டி வியர் முதலியோருடன் ராஜத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டு லண்டன் கோபுரச் சிறையில் அடைபட்டார். பிரபுவும் அவர் மகனும் உடனிருந்தவர்களும் தலையிழந்தார்கள். க்ளாப்டன் விடுதலையாகி ஊர் திரும்பினார். சில ஆண்டுகளிலேயே ஆலயப் பணி தொடங்குகிறது. இரண்டுக்கும் காரண காரியத் தொடர்பு உண்டென்று எந்த ஓலையும் சொல்லவில்லை. ஆனால் உயிர் தப்பி வந்த மனிதர் அடுத்த முப்பது ஆண்டையும் ஓர் ஆலயத்துக்குச் செலவிட்டார் என்பது வெறும் தற்செயல் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

பீடத்தின் வடபக்கம் அவர் தமக்கென ஒரு பூசைச் சிற்றாலயத்தை ஒழுங்குசெய்தார். இறந்தபின் தம் ஆன்மாவுக்காக ஒரு குரு நாள்தோறும் பூசை வைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. குருவானவர் தங்குவதற்குக் கணப்பு அடுப்புடன் ஒரு சிற்றறைகூட உண்டு. இந்தச் சிற்றாலயத்துக்கும் பீடப் பகுதிக்கும் நடுவே சுவரைத் துளைத்த ஒரு வளைவின் கீழ் அவர் கல்லறை இருக்கிறது. வளைவின் உட்புறத்தில் உயிர்த்தெழுந்த கிறிஸ்துவின் ஓவியம். அருகே க்ளாப்டன் குடும்பத்தார் மண்டியிட்டிருக்கிறார்கள். பெரிய வெள்ளியன்று நற்கருணையை அடக்கம் செய்வதுபோல் வைத்து, உயிர்ப்பு ஞாயிறு விடியலில் வெளியே எடுக்கும் சடங்குக்கும் அந்தக் கல்லறையே மேடை. ஆண்டுதோறும் ஊரே வந்து மண்டியிடும் இடத்துக்குக் கீழே தம் எலும்புகள் கிடக்குமாறு அவர் பார்த்துக்கொண்டார்.

அந்தச் சிற்றாலயத்தின் கூரை விளிம்பைச் சுற்றி மரத்தில் ஏட்டுச் சுருள்போல் செய்து, ஜான் லிட்கேட் பாடல்களை எழுதி வைத்திருக்கிறார்கள். லிட்கேட் பரி செயின்ட் எட்மண்ட்ஸ் மடத்துத் துறவி, அக்காலத்தின் பெரும்புகழ்க் கவிஞர். ஏறத்தாழ பக்கத்து ஊர்க்காரர். கிழக்குச் சன்னலில் ஒரு சிறு வண்ணக் கண்ணாடி: லில்லிச் செடியின்மேல் சிலுவையில் அறையுண்ட கிறிஸ்து. மங்கள வார்த்தையின் லில்லியும் மரணத்தின் சிலுவையும் ஒரே செடியில். இங்கிலாந்தில் எஞ்சியிருக்கும் மிகச் சில லில்லிச் சிலுவைகளில் இது ஒன்று.

வெளியே, அவர் பெயரோடு லத்தீனில் ஒரு வாக்கியம் உண்டு. புகழ் பெறுவதற்காக இவற்றை நான் காட்டிக்கொள்ளவில்லை, ஆன்மா நினைக்கப்பட வேண்டும் என்பதற்கே. இதற்குக் கிறிஸ்துவே சாட்சி என்கிறது அது. இதை நான் அப்படியே நம்புகிறேன். சுவர் முழுவதும் பெயர்களைப் பார்க்கும் இன்றைய கண்ணுக்கு விளம்பரம் என்ற சொல் உடனே வாயில் வரும். ஆனால் அம்மனிதர்கள் உத்தரிக்கிற ஸ்தலத்தை மெய்யாகவே அஞ்சியவர்கள். உயிரோடிருப்பவரின் செபம் அங்கே தவிக்கும் ஆன்மாவின் காலத்தைக் குறைக்கும் என்று கற்றவர்கள். செபிப்பவருக்குப் பெயர் தெரிய வேண்டும். பெயரை அழியாத பொருளில், ஊர் கடந்து போகிறவரும் பார்க்கும் இடத்தில் வைக்க வேண்டும். இந்தத் தேவையின் உருவம்தான் அச்சுவர்.

க்ளாப்டன் 1497-இல் இறந்தார். அதற்கு முந்தைய ஆண்டு தேதியிட்டது ஆலயத்தின் கிழக்குக் கோடியிலுள்ள மாதா சிற்றாலயம். மூன்று கூரை முகப்புகளோடு பக்கத்தில் ஒட்டி நிற்கும் தனிக் கட்டடம்போல் இருக்கும். உள்ளே நடுவில் ஒரு சிறு கருவறை, அதன் நாற்புறமும் சுற்றிவரும் பிரகாரம். இப்படி ஓர் அமைப்பு பங்கு ஆலயத்தில் மிக அரிது. மாதா திருநாள் பவனிக்காகவே அமைந்தது எனலாம். இதன் வெளிச்சுவர் வாசகத்தில் ரிச்சர்ட் லவ்டே என்பவர் வருகிறார். க்ளாப்டன் வீட்டின் பட்லர். கோட்டை மதிலில் இருப்பதுபோன்ற ஞாயில் பற்களை இக்கட்டடத்துக்கு வைத்தது இவர் பொருளில் என்று சுவர் சொல்கிறது. எசமானின் பெயரும் வேலைக்காரரின் பெயரும் ஒரே வரியில், ஒரே அளவு எழுத்தில்.

உள்ளே வடக்குப் பக்கக்கூடத்துச் சன்னல்களில் இன்று திரட்டி வைத்திருக்கும் பழைய கண்ணாடிகள், ஒரு காலத்தில் மேல்சன்னல்களில் இருந்தவை. க்ளாப்டனின் உறவினரும் நண்பரும் கைகூப்பி மண்டியிட்டிருக்கிறார்கள். நீதிபதிகள் இருக்கிறார்கள், பிரபுக்களின் மனைவியர் தத்தம் குலச்சின்னம் தீட்டிய போர்வையோடு இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி சரே பிரபுவின் மனைவி எலிசபெத் டில்னி. எட்டாம் ஹென்றி மணந்த ஆன் பொலின் இவளுடைய பேத்தி. அந்த மணத்துக்காகத்தான் ஹென்றி ரோமாபுரியோடு உறவை முறித்து, 1534-இல் இங்கிலாந்துத் திருச்சபைக்குத் தாமே தலைவரானார். பாட்டி எந்த வழிபாட்டு உலகத்துக்குள் மண்டியிட்டிருந்தாளோ அது பேத்தியின் திருமணத்திலிருந்து சரியத் தொடங்கியது.

ஹென்றியின் மகன் ஆறாம் எட்வர்டின் ஆட்சியில் 1547-இல் வந்த சட்டம், இறந்தோருக்காகப் பூசை வைக்கும் சிற்றாலயங்களையும் அவற்றின் சொத்துகளையும் அரசுடைமையாக்கியது. உத்தரிக்கிற ஸ்தலம் வெறும் கற்பனை என்று அறிவிக்கப்பட்டது. பின்பலகைகள், சுரூபங்கள், வெள்ளிப் பாத்திரங்கள், பூசை உடுப்புகள் எல்லாம் போயின. மெல்ஃபோர்ட் எதையெல்லாம் இழந்தது என்பது நமக்கு வழக்கத்துக்கு மாறான துல்லியத்தோடு தெரியும். காரணம் ரோஜர் மார்ட்டின். சுவரில் பெயருள்ள அந்த மார்ட்டின் குடும்பத்து வாரிசு. பழைய விசுவாசத்தை விடாமல் 1615 வரை வாழ்ந்தவர். சிறுவயதில் தாம் கண்ட ஆலயத்தை முதுமையில் எழுதிவைத்தார்.

அவர் குறிப்பில் கூரையெங்கும் பொன் பூசிய நட்சத்திரங்கள் மின்னுகின்றன. சிலுவை மாடத்தில் ஆர்கன் நிற்கிறது. குருத்து ஞாயிறு பவனி ஆலயத்தைச் சுற்றி வரும்போது, தீர்க்கதரிசியாக ஒரு பையன் க்ளாப்டன் பக்கக்கூடத்துச் சிறு கோபுரத்தில் ஏறி நின்று அரசர் வருகிறார் என்று பாடுகிறான். கீழே நிற்கும் சிறுவர்கள்மேல் பூக்களும் அப்பங்களும் விழுகின்றன. கட்டட ஆய்வுக்கு இது கிடைத்தற்கரிய சான்று. இன்று வெறும் படிக்கட்டுக் கோபுரமாகத் தெரிவது ஆண்டில் ஒருநாள் மேடையாக இருந்தது என்பதை எந்த அளவுநாடாவும் சொல்லாது. தம் குடும்பத்துப் பீடத்தின் பின்பலகை, இரு கள்வர் நடுவே சிலுவை நிற்கும் வேலைப்பாடு, சிதைந்த நிலையில் தம் வீட்டில் இருக்கிறதென்றும், என்றாவது ஒருநாள் தம் வாரிசுகள் அதைச் செப்பனிட்டு மீண்டும் ஆலயத்தில் வைப்பார்கள் என்று நம்புவதாகவும் மார்ட்டின் எழுதினார். அது திரும்பி வரவில்லை.

இந்த அழிவில் வெளிச்சுவர் வாசகங்கள் எப்படித் தப்பின? ஆன்மாவுக்காகச் செபியுங்கள் என்ற தொடர் புதிய சமயத்துக்கு ஆகாதது. சஃபோக் ஆலயங்களின் கல்லறைகளில் அத்தகைய பித்தளைத் தகடுகளை 1640-களில் பெயர்த்தெடுத்தார்கள். தகட்டை ஒரு நெம்புகோலால் எடுத்துவிடலாம். மெல்ஃபோர்டின் எழுத்தை எடுக்கச் சாரம் கட்டி, மேல் விளிம்புச் சுவரையே பிரிக்க வேண்டும்; கூரைக்கும் ஆபத்து. எழுத்தும் சுவரும் ஒன்றாகிவிட்டதே எழுத்தைக் காப்பாற்றியது என்பது என் ஊகம்.

பிற்காலத்தை விரைவாகச் சொல்லிவிடலாம். மாதா சிற்றாலயம் 1670 முதல் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை பள்ளிக்கூடமாக இருந்தது. பெருக்கல் வாய்ப்பாடு சுவரில் இன்னும் இருக்கிறது. பீடப் பகுதியின் தரைக்கடியிலிருந்து 18-ஆம் நூற்றாண்டில் ஓர் அலபாஸ்டர்ப் புடைப்புச் சிற்பம் கிடைத்தது: மூவரசர்கள் குழந்தை இயேசுவை வணங்கும் காட்சி, இன்றைய ஆலயத்துக்கே நூறாண்டு மூத்தது. யாரோ ஒருவர் அதை உடைக்க மனமின்றிப் புதைத்திருக்க வேண்டும். ஏறத்தாழ 1710-இல் மின்னல் தாக்கிக் கோபுரம் சிதைந்தது. அதனிடத்தில் செங்கல் கோபுரம் எழுந்தது. பழுதில்லாத கட்டடம்தான், ஆனால் சிக்கிமுக்கிச் சுவருக்கு அந்நியம். 1898-க்கும் 1903-க்கும் இடையில் கட்டடக் கலைஞர் ஜார்ஜ் ஃப்ரெடரிக் பாட்லி அதை இடிக்காமல், கல்லும் சிக்கிமுக்கியும் கொண்டு போர்த்தி, நான்கு சிகரங்கள் வைத்தார். இன்று தூரத்திலிருந்து முதலில் கண்ணில் படும் கோபுரம்தான் ஆலயத்தின் வயது குறைந்த பகுதி. உள்ளே செங்கல் அப்படியே இருக்கிறது.

வடக்கு வாசலுக்கு மேலே உள்ளங்கை அகலக் கண்ணாடி வட்டம் ஒன்று. மூன்று முயல்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு சுற்றுகின்றன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு காது; எண்ணிப் பார்த்தால் மொத்தமே மூன்று காதுதான். திரித்துவ ஆலயத்துக்குப் பொருத்தமான உருவம். இதே மூன்று முயல்கள் இதற்கு எட்டுநூறு ஆண்டுகளுக்கு முன்பே சீனத்தின் துன்ஹுவாங் குகைக் கூரைகளில் தீட்டப்பட்டுள்ளன.

வெளியே வந்து மறுபடி மேலே பார்த்தால் ஜான் பை, ஆலிஸ் வாசகம். அவர்கள் பணம் கொடுத்து இட்ட வண்ணக் கண்ணாடி அங்கே இல்லை. அந்தச் சன்னல்கள் வழியாக இப்போது நிறமற்ற வெயில் நடுக்கூடத்துக்குள் இறங்குகிறது. வளைவு நிற்கிறது. இந்த இரண்டு சன்னல்கள் என்று சுட்டிக்காட்டும் எழுத்தும் அதனருகிலேயே நிற்கிறது.